ஆறாம் வகுப்பு டைம்டேபிளில் 'அட்வைசரி' என்று ஒரு பீரியட்

பள்ளி திறந்த முதல் வாரத்தில் பெற்றோர் வாட்ஸப் குழுக்களில் டைம்டேபிள் போட்டோ வந்து விழும். கணக்கு எத்தனை பீரியட், ஆங்கிலம் எத்தனை என்று எண்ணிக்கொண்டே வரும்போது நடுவில் ஒரு கட்டத்தில் 'அட்வைசரி' என்று இருக்கும். சில பள்ளிகளில் அதன் பெயர் 'ஹோம்ரூம்', சிலவற்றில் 'சர்க்கிள் டைம்', இன்னும் சிலவற்றில் 'மென்ட்டர் பீரியட்'. அடுத்த பத்து நிமிடத்தில் குழுவில் கேள்விகள் பறக்கும். "அட்வைஸ் பண்றதுக்குத் தனியா ஒரு பீரியடா, அதைத்தான் வீட்டுல நாங்க தினமும் பண்றோமே?" "என் பையனுக்கு ஏதாவது பிரச்சினையா, கவுன்சலிங்குக்கு அனுப்புறாங்களா?" "ஒரு மேத்ஸ் பீரியட் போச்சே!"

மூன்று கேள்வியும் நியாயமானவைதான். சென்னையில் ஓ.எம்.ஆர்., ஈ.சி.ஆர். பக்கத்துச் சர்வதேசப் பாடத்திட்டப் பள்ளிகளில் மட்டும் புழங்கிய இந்தச் சொல் இப்போது சி.பி.எஸ்.இ. பள்ளிகளின் டைம்டேபிளிலும் தலைகாட்டுகிறது, ஆனால் அது என்ன என்று பெற்றோரிடம் யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை. அதனால் அடிப்படையிலிருந்து போவோம்.

## சரி, அட்வைசரி என்றால் என்ன?

ஒரு ஆசிரியர், ஒரு சின்ன மாணவர் குழு, வாரத்தில் குறிப்பிட்ட நேரம், ஆண்டு முழுக்க அதே ஆசிரியர் அதே குழு. அவ்வளவுதான். பாடப்புத்தகம் கிடையாது, பரீட்சை கிடையாது, மார்க் கிடையாது. தன் குழுவில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளையையும் அந்தப் பள்ளியில் வேறு யாரையும்விட நன்றாகத் தெரிந்து வைத்திருப்பதுதான் அந்த ஆசிரியரின் வேலை, கணக்கில் எவ்வளவு வாங்கினான் என்பதிலிருந்து மதியச் சாப்பாட்டை யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்பது வரை.

தமிழில் இதற்கென்று பழகிய சொல் இல்லை. 'ஆலோசனை வகுப்பு' என்று மாற்றினால் யாரோ மேடையில் நின்று ஆலோசனை வழங்குவது போல ஆகிவிடுகிறது. ஒழுங்காக நடக்கும் அட்வைசரியில் பெரும்பாலும் பிள்ளைகள்தான் பேசுவார்கள், ஆசிரியர் கேட்டுக்கொண்டிருப்பார். 'கிளாஸ் டீச்சர் பீரியட்' என்றால் நம் ஊரில் ஓரளவு புரியும், முழுசாக அல்ல. வழக்கமாக எவற்றோடு இதைக் குழப்பிக்கொள்கிறோம் என்று பார்த்தால் வித்தியாசம் தெரியும்:

1. நீதிபோதனை வகுப்பு. நம்மில் பலருக்கு இந்த பீரியட் நினைவிருக்கும்: ஒரு கதை, கடைசியில் ஒரு நீதி, பாதி நாள் அதுவும் இல்லாமல் "சத்தம் போடாம ஏதாவது படிங்க". அதில் விஷயம் எல்லோருக்கும் ஒன்றுதான். அட்வைசரியில் விஷயமே அந்தக் குழுவில் இருக்கும் பிள்ளைகள்தான்.

2. கவுன்சலிங். இது பயிற்சி பெற்ற உளவியல் ஆலோசகர், தேவைப்படும் பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து செய்வது. அட்வைசரி எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. நடத்துபவர் அறிவியல் மிஸ்ஸாகவோ பி.டி. சாராகவோ இருக்கலாம். யாருக்குக் கவுன்சலிங் வேண்டியிருக்கிறது என்று முதலில் கண்ணில் படுவது இங்கேதான். சிகிச்சை கொடுக்கும் இடமாக இதை நினைக்கக் கூடாது, அதற்கு முயல்வதும் ஆபத்து.

3. காலை அட்டெண்டன்ஸ். பெயர் கூப்பிடுவது, சர்குலர் கொடுப்பது, ஃபீஸ் கட்டாதவர் பட்டியல் வாசிப்பது (இந்தக் கடைசிப் பழக்கத்தை எந்தப் பள்ளியும் வைத்திருக்கக் கூடாது, அது வேறு விஷயம்). ஐந்து நிமிட நிர்வாக வேலை. 'ஹோம்ரூம்' என்று பெயர் வைத்துவிட்டு இதை மட்டும் செய்யும் பள்ளிகள் நிறைய.

## ஏன் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக்கு மட்டும்?

ஐந்தாம் வகுப்பு வரை பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பள்ளி என்றால் ஒரு மிஸ். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலும் தொடக்க வகுப்புகளுக்கு இடைநிலை ஆசிரியர், அவரே தமிழும் கணக்கும் சுற்றுச்சூழலும் எடுப்பார். பிள்ளை காலையில் முகம் வாடி வந்தால் பதினொரு மணிக்குள் அவருக்குத் தெரிந்துவிடும், ஏனென்றால் நாள் முழுக்க அவர் கண் முன்னால்தான் அது உட்கார்ந்திருக்கிறது.

ஆறாம் வகுப்பில் இது ஒரே நாளில் மாறிவிடுகிறது. பாடத்துக்கு ஒரு பட்டதாரி ஆசிரியர் வருவார். மாநிலப் பாடத்திட்டத்தில் ஐந்து பாடம், சி.பி.எஸ்.இ.யில் மூன்றாம் மொழி, கம்ப்யூட்டர் என்று இன்னும் கூடும். ஒவ்வொருவரும் முக்கால் மணி நேரத்துக்கும் குறைவாக வந்து போகிறார்கள், ஒவ்வொருவர் கையிலும் நூறு, நூற்றைம்பது, சில சமயம் இருநூறு பிள்ளைகள். ஒரு பிள்ளையைத் தெரிந்தவர் ஒருவர் என்ற நிலை போய், கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவர்கள் ஏழு பேர் என்று ஆகிறது.

இது நடக்கும் வயதையும் பாருங்கள். 11 முதல் 14: உடம்பு மாறுகிறது, குரல் உடைகிறது, மாதவிடாய் தொடங்குகிறது, நண்பர்கள் சொல்வது அப்பா அம்மா சொல்வதைவிடப் பெரிதாகிறது, கையில் போன் வருகிறது. ஒரு பெரியவரின் கண் அதிகம் தேவைப்படும் காலத்தில்தான் பள்ளி அந்த ஒரு கண்ணை எடுத்துவிடுகிறது. ஜாக்குலின் எக்கிள்ஸ் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளரும் உடன் ஆய்வு செய்தவர்களும் 1980களின் கடைசியிலும் 1990களிலும் எழுதியது இதைப் பற்றித்தான். இந்த வயதில் படிப்பில் ஆர்வம் குறைவதைப் பருவக் கோளாறு என்று மட்டும் தள்ளிவிட முடியாது, பிள்ளைக்குத் தேவையானதும் பள்ளி கொடுப்பதும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போவதும் காரணம் என்றார்கள்.

நடைமுறையில் எப்படி இருக்கும் என்று ஒரு கற்பனைப் பையனை வைத்துப் பார்ப்போம், ஏழாம் வகுப்பு. கணக்கில் மார்க் இறங்கியிருக்கிறது என்பது கணக்கு சாருக்குத் தெரியும். போர்டில் இருப்பதைத் தப்பும் தவறுமாக எழுதுகிறான் என்பது சமூக அறிவியல் மிஸ்ஸுக்குத் தெரியும். முன் பெஞ்சுக்காகச் சண்டை போட்டான் என்று இன்னொருவர் டைரியில் எழுதி அனுப்பியிருக்கிறார். பந்தை விட்டுவிடுகிறான் என்பது பி.டி. சாருக்குத் தெரியும். நான்கையும் ஒரே ஆள் ஒரே மேஜையில் வைத்துப் பார்த்தால், "கண்ணைக் காட்டுங்க, கண்ணாடி போட வேண்டியிருக்கும்" என்று வீட்டுக்கு ஒரு போன் போதும். அப்படி ஒரு ஆள் இல்லாவிட்டால் பெற்றோர்-ஆசிரியர் சந்திப்பில், அதாவது பி.டி.எம்.மில், "கவனம் போதாது, சேட்டை ஜாஸ்தி" என்று நான்கு முறை கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அந்தப் பிள்ளைக்கு அடி விழும்.

எல்லாம் கண்ணாடி மாதிரி சுலபமாக முடியாது. கூவம் கரையிலிருந்து குடும்பம் பெரும்பாக்கம் குடியிருப்புக்கு மாற்றப்பட்டு, பழைய பள்ளியை விட மனமில்லாமல் இருபது கிலோமீட்டருக்கு மேல் பஸ் பிடித்து வரும் பிள்ளைக்கு, தினமும் 'லேட்' என்று ஒரு குறிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகும். அது ஏன் லேட் என்று யாராவது ஒருவர் கேட்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்று பள்ளி முன்கூட்டியே முடிவு செய்து வைப்பதற்குத்தான் அட்வைசரி என்று பெயர்.

## எங்கிருந்து வந்தது

சுருக்கமாகச் சொன்னால் அமெரிக்காவிலிருந்து. அங்கே 1909, 1910 வாக்கில் ஒஹாயோவின் கொலம்பஸ், கலிஃபோர்னியாவின் பெர்க்லி போன்ற ஊர்களில் 'ஜூனியர் ஹைஸ்கூல்' தொடங்கியது. பெயருக்கு ஏற்ற மாதிரி அது உயர்நிலைப் பள்ளியின் குட்டி நகலாகவே இருந்தது: பாடத்துக்கு ஒரு ஆசிரியர், மணி அடித்தால் அடுத்த அறை. 1963இல் வில்லியம் அலெக்சாண்டர் என்ற கல்வியாளர், இந்த வயதுக்கு நகல் போதாது, அதற்கென்றே 'மிடில் ஸ்கூல்' வேண்டும் என்று பேசினார். அந்த இயக்கம் வளர்ந்து, 1989இல் கார்னகி நிறுவனத்தின் 'டர்னிங் பாயின்ட்ஸ்' அறிக்கை வந்தபோது, ஒவ்வொரு மாணவரையும் நன்றாக அறிந்த பெரியவர் ஒருவராவது பள்ளியில் இருக்க வேண்டும் என்பது பரிந்துரையாகவே ஏறிவிட்டது. பிரிட்டனில் இதே வேலையை 'ஃபார்ம் டியூட்டர்' ரொம்ப காலமாகச் செய்கிறார்.

நம்மிடம் 'நடுநிலைப் பள்ளி' என்ற சொல் இருக்கிறது, ஆனால் அது எட்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளி என்ற நிர்வாகப் பெயர். 6 முதல் 8 வரை தனி வயது, தனித் தேவை என்ற யோசனை அந்தப் பெயருக்குள் இல்லை. 2020இன் தேசியக் கல்விக் கொள்கை இந்த மூன்று வகுப்பைத் தனி நிலையாகப் பிரித்துப் பேசுகிறது, அதைச் சுற்றியுள்ள அரசியல் இங்கே வேண்டாம்.

## உள்ளே என்ன நடக்கும்

வாரத்தின் முதல் நாள் என்றால் ஒவ்வொருவரும் ஒரு வரி சொல்வார்கள்: சனி, ஞாயிறு எப்படிப் போனது, இந்த வாரம் எது பயமாக இருக்கிறது. யார் "ஒண்ணும் இல்ல மிஸ்" என்று மூன்று வாரமாகச் சொல்கிறார்கள் என்பதை ஆசிரியர் மனதில் குறித்துக்கொள்வார்.

அப்புறம் வேலை விஷயம். டைரியைத் திறந்து எந்தப் பாடத்தில் என்ன பாக்கி, அறிவியல் ப்ராஜெக்ட்டும் ஆங்கில அசைன்மென்ட்டும் ஒரே நாளில் வந்தால் எதை முதலில் தொடங்குவது. ஐந்தாம் வகுப்பு வரை இதை மிஸ்ஸோ அம்மாவோ பார்த்துக்கொண்டார்கள், இப்போது யாரும் சொல்லித் தராமலே அது தெரிந்திருக்க வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். நான் அட்வைசரிக்குச் சாதகமாகப் பேசுவதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

மற்ற நாட்களில் ஏதாவது ஒரு விஷயம். வகுப்பு வாட்ஸப் குழுவிலிருந்து ஒருத்தியை மட்டும் நீக்கியது, நிறத்தை வைத்துக் கேலி, 13 வயது ஆகாமல் பொய்ப் பிறந்த தேதி போட்டுத் திறந்த இன்ஸ்டாகிராம் கணக்கு, "நீங்க எந்த ஏரியா" என்ற கேள்விக்குப் பின்னால் இருக்கும் இன்னொரு கேள்வி. இதில் ஆசிரியர் தீர்ப்பு சொல்ல ஆரம்பித்தால் அது பழைய நீதிபோதனை ஆகிவிடும். வட்டமாக உட்கார வைத்து ஒரு பிள்ளையை நடுவில் நிறுத்தி எல்லோரும் குறை சொல்லும் கூட்டமாக மாறினால் இன்னும் மோசம். உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆவது பிரிவில் தடை செய்திருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

## நாற்பது பேர் கணக்கு

அட்வைசரி தோற்பதற்கு முக்கியக் காரணம் சாதாரண வகுத்தல் கணக்கு. 40 நிமிட பீரியட். உட்கார்ந்து அமைதியாக ஐந்து நிமிடம் போனால் மிச்சம் 35. வகுப்பில் 40 பேர். ஆளுக்கு ஒரு நிமிடம்கூட வராது, ஆசிரியர் வாயே திறக்காவிட்டாலும். கையைத் தூக்கும் அதே ஆறு பேர் பேசுவார்கள், யாருக்காக இந்த பீரியட் வந்ததோ அந்தப் பிள்ளை பின் பெஞ்சில் நோட்டில் கிறுக்கிக்கொண்டிருக்கும்.

அதனால்தான் குழு சின்னதாக இருக்க வேண்டும், பத்திலிருந்து பதினைந்து. ஆசிரியருக்கு எங்கே போவது? 6 முதல் 8 வரை வகுப்புக்கு நான்கு பிரிவு, பிரிவுக்கு 40 பேர் உள்ள ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 12 பிரிவு, 480 பிள்ளைகள். கிளாஸ் டீச்சர்கள் 12 பேர் மட்டும் எடுத்தால் ஆளுக்கு 40. பி.டி. சார், டிராயிங் மிஸ், பாட்டு மிஸ், நூலகர், துணை முதல்வர் உட்பட 32 பெரியவர்களைச் சேர்த்தால் ஆளுக்கு 15. கூடுதல் சம்பளச் செலவு இல்லை. ஆனால் எல்லாக் குழுவும் ஒரே நேரத்தில் கூட வேண்டும், லேப், நூலகம், மேடை, மைதானத்து மரத்தடி என்று 32 இடம் வேண்டும், டைம்டேபிள் போடுபவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். பல பள்ளிகள் இந்த இடத்தில்தான் பின்வாங்கி, பழைய கிளாஸ் டீச்சர் பீரியடுக்குப் புதுப் பெயர் வைத்துவிடுகின்றன.

கல்வி உரிமைச் சட்டம் உயர் தொடக்க வகுப்புகளில் 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. அது பாடம் நடத்துவதற்கான கணக்கு, ஒரு பிள்ளையைத் தெரிந்துகொள்வதற்கு அது பெரிய எண்.

## "யார்கிட்டயும் சொல்லாதீங்க மிஸ்"

பள்ளிகள் அதிகம் யோசிக்காமல் விடும் பகுதி இது. வட்டமாக உட்கார்ந்து மனம் விட்டுப் பேசுங்கள் என்று சொன்னால், ஒரு நாள் ஒரு பிள்ளை உண்மையிலேயே மனம் விட்டுப் பேசிவிடும். அப்போது என்ன?

1. பாலியல் துன்புறுத்தல் பற்றி எது தெரியவந்தாலும் ஆசிரியர் அதை ரகசியமாக வைத்திருக்க முடியாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19ஆவது பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், தெரிவிக்காவிட்டால் 21ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு. ஆகவே "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்ற வாக்குறுதியை எந்த அட்வைசரும் கொடுக்கக் கூடாது. "உன் பாதுகாப்புக்கு வேணும்னா மட்டும், வேண்டிய ஆள்கிட்ட மட்டும் சொல்வேன்" என்று முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

2. மற்ற விஷயங்களில் ரகசியம் காக்கப்பட வேண்டும். வீட்டில் அப்பா குடிக்கிறார் என்று பிள்ளை சொன்னது ஸ்டாஃப் ரூமில் டீயோடு பரிமாறப்பட்டால் அந்தக் குழுவில் அதன் பிறகு ஒருவரும் பேச மாட்டார்கள்.

3. கேட்டதை வைத்து என்ன செய்வது என்பது கேட்பதைவிடக் கஷ்டம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பள்ளியில் தன்னைத் துன்புறுத்தியவர்களைப் பற்றிச் சொன்ன பிளஸ் டூ மாணவனை அதே பள்ளி மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. சொல்வதற்கு ஒரு காது இருந்தால் போதாது, சொன்ன பிள்ளையைப் பாதுகாக்க ஓர் ஏற்பாடும் கூடவே இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் கொடுமையான உதாரணம் தேவையில்லை.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. 500 பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் ஒருவர் வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. அட்வைசர் ஒரு விஷயத்தைக் கேட்டுவிட்டு அடுத்து யாரிடம் கொண்டுபோவது என்ற கேள்விக்கு அப்படி ஒருவர் பதிலாக இருப்பார். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் 14417 இரண்டும் இருக்கின்றன, ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை எண்ணைத் தேடிப் போன் போடுவதற்கு முன்னால் முகம் தெரிந்த ஒருவரைத்தான் தேடும்.

## நம் அரசுப் பள்ளிகளில் இது இல்லையா?

அந்தப் பெயரில் இல்லை. நெருங்கிய சொந்தங்கள் உண்டு. 2024இல் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய 'மகிழ் முற்றம்' மாணவர்களைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஆசிரியர் பொறுப்பாளர் வைக்கிறது. வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகள் ஒரே குழுவில் கலந்து உட்காருவது இதன் பெரிய பலம், எட்டாம் வகுப்பு அண்ணன் ஆறாம் வகுப்புத் தம்பியைக் கவனித்துக்கொள்வான். ஐந்தே குழு என்பதால் பெரிய பள்ளியில் ஒரு குழுவே நூறைத் தாண்டும், அது அட்வைசரி அளவு அல்ல. போட்டிக்கும் தோழமைக்கும் அது சரி. பிள்ளைகள் புகாரையும் யோசனையையும் எழுதிப் போட 'மாணவர் மனசு' பெட்டி இருக்கிறது. சீட்டு எழுதும் துணிச்சல் உள்ள பிள்ளைக்கு அது உதவும்.

டெல்லி அரசு 2018இல் எட்டாம் வகுப்பு வரை தினமும் ஒரு பீரியட் 'மகிழ்ச்சிப் பாடத்திட்டம்' கொண்டுவந்தது. மூச்சுப் பயிற்சி, கதை, உரையாடல் என்று போன அது அட்வைசரியைவிட நீதிபோதனைக்குக் கொஞ்சம் பக்கம் என்பது என் கருத்து.

## பலன் உண்டா?

உண்டு, ஆனால் பள்ளி பிரசுரத்தில் போடும் அளவுக்குப் பளபளப்பாக அல்ல. அடிக்கடி காட்டப்படும் ஆய்வு, ஜோசப் டர்லாக்கும் சக ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்டது. சமூக, உணர்வுத் திறன் கற்பிக்கும் 213 திட்டங்களை, 2,70,034 மாணவர்கள் பற்றிய தரவை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். படிப்பில் 11 சதமானப் புள்ளி (பர்சன்டைல்) முன்னேற்றம் என்பது முடிவு: நூறு பேர் வரிசையில் கீழிருந்து எண்ணி ஐம்பதாவது இடத்தில் நிற்கும் பிள்ளை ஏறக்குறைய 61ஆவது இடத்துக்கு நகர்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். கவனிக்க வேண்டியது, அவை ஆசிரியருக்குப் பயிற்சி கொடுத்து, படிப்படியாகத் திட்டமிட்டு நடத்தியவை. டைம்டேபிளில் பெயர் மட்டும் இருக்கும் பீரியடுக்கு அந்த எண்ணைக் கடன் வாங்க முடியாது. அட்வைசரியை மட்டும் தனியாகப் பிரித்து அளப்பதும் கடினம், அது பெரும்பாலும் மற்ற மாற்றங்களோடு சேர்ந்தே வருகிறது.

பலனைக் கெடுப்பவை எவை என்று சொல்வது சுலபம். போர்ஷன் முடியவில்லை என்று கணக்கு சார் அந்த பீரியடைக் 'கடன்' வாங்குவது, நடுவாண்டில் ஆசிரியர் வேலையை விட்டுப் போய் அட்வைசர் மூன்று முறை மாறுவது, ஏற்கனவே பேப்பர் திருத்தலும் ஆன்லைன் பதிவுகளுமாகத் திணறும் ஆசிரியர் தலையில் பயிற்சி இல்லாமல் இதையும் வைப்பது. மூன்றாவதை யாரும் பேசுவதில்லை. இந்த பீரியடை ஆசிரியரின் பணி நேரத்தில் கணக்கில் எடுக்காத பள்ளியில் அது நிற்காது.

## பள்ளியிடம் என்ன கேட்கலாம்

"அட்வைசரி எதுக்கு?" என்று கேட்டால் அழகான பதில் வரும், விஷயம் தெரியாது. இவற்றைக் கேளுங்கள்:

1. ஒரு குழுவில் எத்தனை பேர்?
2. அடுத்த ஆண்டும் அதே ஆசிரியரா? மூன்று ஆண்டும் ஒருவரே என்றால் ரொம்ப நல்லது, பிள்ளைக்கும் அவருக்கும் ஒத்தே வராவிட்டால் மாற்ற வழி உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.
3. பரீட்சை மாதத்திலும் இந்த பீரியட் நடக்குமா?
4. கடுமையான விஷயம் ஒன்று வெளியே வந்தால் அட்வைசர் யாரிடம் போவார்? இதற்குப் பதிலாக ஒரு நபரின் பெயர் வர வேண்டும், "மேனேஜ்மென்ட் பார்த்துக்கும்" என்று வந்தால் ஏற்பாடு இல்லை என்று அர்த்தம்.
5. மற்ற ஆசிரியர்கள் கவனித்தது அட்வைசருக்கு எப்படிப் போய்ச் சேரும்?

பிள்ளையிடம் "அட்வைசரியில என்ன பண்ணீங்க?" என்று தினமும் குடைய வேண்டாம், அங்கே பேசியது அங்கேயே இருக்கும் என்ற நம்பிக்கையைத்தான் அது உடைக்கும். வேறு ஒன்று கேட்டுப் பாருங்கள்: ஸ்கூலில் பஸ் பாஸ் தொலைந்துபோனால் முதலில் யாரிடம் போய்ச் சொல்வாய்? ஜூன், ஜூலையில் "யார்கிட்டயும் இல்ல, தேடுவேன்" என்று பதில் வந்தால் பரவாயில்லை, குழு புதுசு. காலாண்டு விடுமுறை முடிந்து வந்த பிறகும் அதே பதில்தான் என்றால், அடுத்த பி.டி.எம்.மில் மார்க் ஷீட்டைக் கையில் வாங்குவதற்கு முன்னால் இதைப் பேசிவிடுங்கள்.